வேணும், வேணாம்

"ஒராள் காதுல சொல்றத அடுத்த ஆள் அப்படியே மற்றாளுக்குச் சொல்லணும். பிழையில்லாமப் போனா நீங்க நல்ல டீம்!"

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன மாதம், கல்முனையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், மூன்றாம் கட்டில்காரர் மௌத்தாகிவிட்டார். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் போட வேணாம் எண்டு சொன்னன். தாதி றுமானா அத 'வேணும்' எண்டு பிழையாக் கேட்டுப் போட்டுட்டா" என்றார் ஆஸ்பத்திரிச் சொந்தக்காரர் டொக்டர் மக்கீன். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற மூத்த தாதி சுபைறாவும் விசாரணையில் அதையே சொன்னாள்.

றுமானாவை வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்றைக்கு முடிவாகும்.

நாலு கதிரை போட்டார்கள். டொக்டர், சுபைறா, இன்னொரு தாதி றஸ்னா, கடைசியில் றுமானா. டொக்டர் ஒரு பெண்ணின் காதோடு கதைப்பது சரிவராதே என்று கலண்டர் தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கொடுத்தார்கள்.

டொக்டர் குழலுக்குள் சொன்னார். சுபைறா கேட்டதைக் கேட்டபடியே றஸ்னாவுக்குச் சொன்னாள். றஸ்னா றுமானாவுக்கு.

றுமானா எழும்பினாள். "இண்டைக்கு எல்லாருக்கும் புரியாணி எடுக்க வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். டொக்டர் தட்டவில்லை.

"நான் சொன்னது வேணாம் எண்டு. அண்டைக்கு என்ன நடந்த எண்டு இப்ப விளங்குதா?"

றுமானா பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினாள். "றஸ்னா, அல்லாஹ்வுக்காகச் சொல்லு புள்ள. என்ட காதுல என்ன சொன்னாய்?"

றஸ்னா டொக்டரைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "வேணாம் எண்டுதான்."

பயிற்சியாளர் சுபைறாவிடம் வந்தார். "நீங்க என்ன கேட்டீங்க, மிஸ்?"

"சொல்லுங்க ராத்தா" என்று றுமானா கெஞ்சினாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

சுபைறாவின் வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான். டொக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றாள்.

"பாத்தீங்களா, மூணு பேரும் ஒரே சொல்!" பயிற்சியாளர் பலகையில் பெரிதாக எழுதினார். "இதுதான் டீம்!"

றுமானா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

சுபைறாவுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. குழலுக்குள்ளால் அவளுக்குக் கேட்டது 'வேணும்' என்றுதான்.

மூன்றாம் கட்டிலுக்கும் டொக்டர் அதைத்தான் சொன்னார்.