பதினோரு பேர்

"பதினோரு பேரோட பேரையும் அழிச்சிட்டு வா. இல்லேன்னா உனக்கு ஆனர்ஸ் கிடையாது."

பேராசிரியர் ஹாலோரன் ஆய்வேட்டை மேஜையில் தள்ளினார். ஆப்பிரிக்கவியல் துறையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மாணவி செனம் பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்காவின் ஒஹாயோ. பெற்றவர்களின் நாடான கானாவுக்கு இரண்டு கோடை போய், டெனு சந்தையில் புகை போட்ட மீன் விற்கும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் கிண்டிய அக்ப்லே களியைத் தின்று எழுதியது அது.

"அழிக்க முடியாது, புரொஃபசர்."

"பேட்டி குடுத்தவங்க பேரை வெளியில விடக்கூடாதும்மா. தகவலாளர் ஒண்ணு, ரெண்டு, மூணு... அவ்வளவுதான். மீன் தரகர்களை அந்தப் பொம்பளைங்க கிழி கிழின்னு கிழிச்சிருக்காங்க. நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீ பாட்டுக்குப் பட்டத்தை வாங்கிட்டுப் போயிடுவே!"

நியாயம்தானே? இவளுக்கு ஏன் இந்த வீம்பு என்று யாருக்கும் தோன்றும். ஆய்வேட்டை மதிப்பிட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் லிண்ட்கூட ஆமாம் என்று தலையாட்டினார்.

"பேரைப் போடச் சொன்னதே அவங்கதான். கைநாட்டு வெச்ச தாள் பின்னாடி இருக்கு. தரகரை மூஞ்சிக்கு நேராவே திட்டறவங்க புரொஃபசர் அவங்க!"

"முப்பது வருஷம் முன்னாடி அதே சந்தையைப் பத்தி நானும் புத்தகம் எழுதினேன். ஒருத்தர் பேராவது போட்டேனா? அதுதான் நாம அவங்களுக்குக் குடுக்கற மரியாதை."

"அந்தப் புத்தகத்தை அங்க எடுத்துட்டுப் போனேன். தகவலாளர் நாலு சொன்னதை அவங்க ஈவே பாஷையில படிச்சுக் காட்டினேன். அக்பேனேன்னு ஒரு அம்மா துள்ளி எழுந்துட்டாங்க. 'ஏய், இது நான் சொன்னதுடி! என் பேரு எங்க? தேடு!'ன்னாங்க."

ஹாலோரனின் முகம் மலர்ந்தது. "அக்பேனே! நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. முன்னூறு பக்கமும் தேடினேன், அவங்க பேரு இல்ல. நன்றி சொல்ற பக்கத்துல மட்டும் பொம்பளைப் பேரா ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. 'எழுதும்போதெல்லாம் கூடவே இருந்த பிப்பாவுக்கு'ன்னு படிச்சேன். 'அவரு சம்சாரமா? மகராசி, நல்லா இருக்கட்டும்'னு அந்தம்மா வாழ்த்தினாங்க."

செனம் ஆய்வேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பிப்பாங்கற பேருக்கு முன்னாடி 'என் நாய்'னு போட்டிருந்தீங்க, புரொஃபசர். அதை மட்டும் நான் படிக்காம விட்டுட்டேன்."