மன்சூர் பேச வேண்டிய வரி

சண்டைக்குப் பிறகு மன்சூர் என்ன சொல்வான்?

அசாபே பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாவலில் இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. மாலைத் தொழுகைக்குள் நோட்டு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

முதல் இரண்டு பாகங்களைப் படித்த பெண்களின் குரல்கள் கைபேசியில் குவிந்து கிடந்தன.

"அசாபே அக்கா, எம் புருஷன் வாயத் தொறக்குறதே கொட்டாவி விடத்தான். இந்த மன்சூர் நம்ம கானோ நகரத்துல எந்தத் தெருவுல இருக்கான்? சொல்லுங்க, நாலாந்தாரமாவாவது போறேன்!"

மற்ற நாவல்களின் கதாநாயகர்கள் தங்கமும் காரும் வாங்கித் தந்தார்கள். மன்சூர் மனைவி பேசி முடிக்கும்வரை காத்திருப்பான். கோபத்தை மறைக்கமாட்டான். ஆனாலும் சண்டைக்குப் பிறகு முதலில் வருவது அவன்தான்.

'என்னை மன்னித்துவிடு' என்று எழுதினாள். அடித்தாள். 'நீ இல்லாமல் நான் இல்லை.' அதையும் அடித்தாள். ஒன்றிலும் அவன் குரல் இல்லை.

முற்றத்துக்கு அப்பால் எனாமல் பாத்திரங்கள் சரிந்தன. மூத்த மனைவி தலாத்துவின் அறை. நேற்று கணவர் அவளுக்குத் தலாக் சொல்லிவிட்டார். தாய்வீட்டுச் சீராக வந்து கூரைவரை அடுக்கியிருந்த பாத்திரங்களை அவள் தம்பிகள் இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சக்களத்தி ஒழிஞ்சா, விருந்து எப்போ?" என்று பக்கத்து வீட்டுக்காரி காலையிலேயே சுவருக்கு மேல் கேட்டுவிட்டாள்.

அன்று சமைக்கும் முறை யாருடையது என்று அசாபேயும் தலாத்துவும் மோதிக்கொண்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. அதிலிருந்து பேச்சில்லை.

பேச்சில்லாத ஐந்து நாளாக எழுத்தும் இல்லை.

வண்டி உறுமியது. அசாபே நோட்டோடு ஓடினாள். வாசற்படியில் நின்றுவிட்டாள், கணவர் அனுமதியில்லாமல் அதைத் தாண்ட முடியாது.

போய்விடுவாள். தலாத்து ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விடுவாள்.

வண்டியில் ஏறப்போன தலாத்து காலைக் கீழே வைத்தாள். திரும்பி வந்தாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது.

"எனக்குக் கோபம் இன்னும் தீரல. அது பாட்டுக்கு இருக்கட்டும். காலையிலேருந்து நீ பட்டினி. துவோக் களி மூடி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள போய்த் தின்னு."

வண்டி போய்விட்டது.

அசாபே நின்ற இடத்திலேயே நோட்டை விரித்தாள். தலாத்து சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள். மூன்று பாகங்களாக எப்போதும் செய்வதுபோல, முன்னால் 'மன்சூர் சொன்னான்' என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.