இணைந்திருக்கும் போன்கள்: இரண்டு

மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்த சூசைக்கு, கேபிள் மோடத்தோடு வைஃபை ரவுட்டரை இணைக்க இன்னொரு ஆள் எதற்கு? மணவாளக்குறிச்சி வீட்டில் மூன்று மணி நேரம் போராடி, நான்காவது முறையில் வயரைச் சரியான துளையில் செருகிவிட்டார்.

அக்கம்பக்கத்தார் திருடிவிடாமலிருக்க இருபது எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தார். மனைவி கிளாராவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் ரவுட்டரின் பட்டியலில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்றின் பெயர் லிஜின்.

லிஜின் அவர்கள் மகன். 2013இல் மாமனோடு அவன் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. போனும் அவனோடுதான் போனது.

சூசை பாஸ்வேர்டை மாற்றினார். பெயர் அப்படியே இருந்தது.

"எவனோ நம்மள வச்சு களிக்கான். இப்பம் பிளாக் பண்ணிப்போடுவேன் பாரு."

"கையை எடுங்க," என்றாள் கிளாரா. "பிள்ளைக்கு வீட்டுக்கு வர அந்த ஒரு வழியாவது கெடக்கட்டு. தொட்டீங்கன்னா, மஸ்கட் சூப்பர்வைசர்னு பாக்கமாட்டேன்."

சூசை கையை எடுத்தார்.

லிஜின் பெயருக்கு நேரே சிக்னல் திங்கட்கிழமை ஒரு கோடு காட்டியது. புதன்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்கு கோடும் நிறைந்தன. கிளாரா, உப்பு கழுவ ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை வாசலில் வைத்தாள். சூசை, தலை துவட்ட ஒரு துவர்த்தை எடுத்து வந்து, வாளிக்குப் பக்கத்தில் மடித்து வைத்தார்.