அந்தப் பச்சைப் புடவை

கடைக்காரர் பெயிண்ட் அட்டையை விரித்ததும் என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. விஜியைப் பார்த்தார்.

எனக்கு வயிறு எரிந்தது.

இத்தனை வருடம் வாடகை வீட்டில் குப்பை கொட்டி, இப்போதுதான் இந்த அந்தமானில், மாயாபந்தரில், எங்களுக்கென்று நாலு சுவர் எழும்பியிருக்கிறது. அந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று சொல்ல இவருடைய அத்தை மகள் வர வேண்டுமாம்.

“விஜிக்கு கலர் நல்லாத் தெரியும். அவளும் வரட்டுமே” என்றார் காலையில். எனக்கென்ன, கண் அவிந்தா போயிற்று?

டைல்ஸும் அவள் தேர்வுதான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, “இது ஹாலுக்கு சரியா இருக்கும், டீக் ஹை மாமா, இது கிச்சனுக்கு” என்று பிரித்து வைத்தாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். நான் கொலு பொம்மை மாதிரி பக்கத்தில் நின்றேன்.

ஒரு காலத்தில் இவருக்குப் பேசி வைத்திருந்த பெண் அவள். கப்பல் வேலைக்கான மெடிக்கலில் இவர் தவறியதும், கப்பலிலேயே வேலை பார்த்த அவள் அப்பா அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாராம். கண்ணில் ஏதோ சின்னக் குறை என்பதற்கு மேல் இவர் எதுவும் சொன்னதில்லை. இன்றுவரை கண்ணாடி போட்டதுமில்லை. அதற்குப் பிறகுதான் கடல் தாண்டி வந்து என்னைப் பெண் பார்த்தார்.

அந்த நாளைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் ஒன்றையேதான் சொல்வார். “அந்தப் பச்சைப் புடவையில நீ எவ்வளவு அழகா இருந்த, தெரியுமா?”

நான் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு. பச்சையில் என்னிடம் ஒரு கர்சீப்கூட இருந்ததில்லை.

பச்சை கட்டியவள் யாரென்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் ஒரு நாளும் திருத்தியதில்லை. திருத்தினால் அவள் பெயர் இவர் வாயிலிருந்து வந்துவிடுமே என்ற பயம்தான்.

“வெளிச் சுவருக்கு இந்தப் பச்சை எடுப்பா இருக்கும்ல?” என்று இவர் அட்டையில் விரல் வைத்தார்.

விரல் இருந்தது அரக்கின் மேல்.

விஜி முகத்தைக்கூடத் தூக்கவில்லை. அட்டையைத் துளி நகர்த்தினாள். பச்சைக் கட்டம் இவர் விரலுக்கு அடியில் வந்து நின்றது. எத்தனையோ முறை செய்து பழகிய கை.

நான் இவர் முகத்தையே பார்த்தேன். விரலுக்கடியில் நிறம் மாறியது இவருக்குத் தெரியவே இல்லை.

தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளி வருகிற மனிதர். கவனமே கிடையாது என்று நானும் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இவர் கண்ணின் குறை என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிக்கொண்ட எனக்குத் தெரியவில்லை. சொன்னால் நானும் வேண்டாம் என்றுவிடுவேனோ என்று பயந்திருப்பார். இதுவரை எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? இப்போது எரிந்ததுதான் எரிச்சல்.

ஆனால், அப்படியென்றால், அந்தப் பச்சைப் புடவை என்னுடையது.

அட்டையைப் பழைய இடத்துக்கே இழுத்தேன்.

“நீங்க முதல்ல காட்டின பச்சைதாங்க நல்லா இருக்கு. அதையே அடிக்கலாம்.”

“பாபி, யே தோ...” என்று வங்காளிக் கடைக்காரர் நிறத்தைத் திருத்த ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இவர் குனிந்து அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தார். “உன்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு நீ கட்டியிருந்த புடவை மாதிரியே இருக்கு” என்றார்.

“அதேதான்” என்றேன்.

விஜி அட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.