காலை நேரத்து ரத்தம்

"யாருக்குமே விடை தெரியாத கணக்குக்கு யாரும்மா மார்க் போடுவாங்க?"

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கேட்டது. அன்றைக்கு அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்று மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் திறக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூடத்துக்கு அவள்தான் தலைமை.

ஐந்து நாட்களாக, காலையில் வரும் ரத்தத்தில் மட்டும் பொட்டாசியம் எகிறிக் காட்டுகிறது. மதியத்துக்கு மேல் வருவதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து என்பதால் மூன்று அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போய்விட்டன.

மதியத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டு, ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பப்போவதாகக் கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். முடிவு வர இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் காத்திருக்க முடியாதவர்கள் மாடியில் படுத்திருந்தார்கள்.

பின்னாலேயே உள்ளே வந்த நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"மெஷின் குழந்தை மாதிரி இருக்கு மேடம்" என்றார் மெக்கானிக்.

"அப்புறம் ஏன் குழந்தை காலையில மட்டும் அழுவுது?" என்றார் மூத்த டெக்னீஷியன். சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்கும் புதுப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

கூடத்தின் தலைமையில் இருந்த அவள் மனதுக்குள் கடவுளை ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலப்பா. ஒண்ணு பண்ணுவோம். யாருன்னு கேக்க வேணாம். எங்க, எப்போன்னு மட்டும் கேப்போம்."

நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"எடும்மா. இது காலையில அஞ்சு மணிக்கு எடுத்த ரத்தம்னு வெச்சுக்குங்க. தினமும் என்ன செய்வீங்களோ, ஒவ்வொருத்தரும் அதையே செஞ்சு காட்டுங்க. எனக்காக நல்லா செய்ய வேணாம்."

புதுப் பெண் எடுத்தாள். குழாயில் பெயர் ஒட்டி, பெட்டி அண்ணனிடம் கொடுத்தாள்.

வார்டுகளிலிருந்து குழாய்களைப் பெட்டியில் வைத்துச் சுமந்து வருபவர். அதனால் எல்லாருக்கும் அவர் பெட்டி அண்ணன். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"அம்மா... இந்த அஞ்சு நாளா வெயில் கொளுத்துதில்ல, அதான் நீங்க ஒம்பது மணிக்குத் திறக்கிற வரைக்கும் வார்டு பிரிட்ஜுல வெச்சிடுறேன். கெட்டுடக் கூடாதேன்னு."

மூத்த டெக்னீஷியன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எடுத்த ரத்தத்தை அப்படியே குளிரில் வைத்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெட்டி அண்ணனுக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை.

அன்று காலையில் பொட்டாசியம் எகிறிக் காட்டிய ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்து, உடனே மெஷினில் போட்டார்கள். ஆறும் சரியாக வந்தன. மணி பதினொன்றரை.

"கோவமாம்மா?" என்று மூத்த டெக்னீஷியன் புதுப் பெண்ணைக் கேட்டார்.

"டீ வாங்கிக் குடுத்தா போயிடும் சார்."

எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பிப் போனார்கள். அவள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

படிவத்தின் அடியில் 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏழு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவரின் பெயர் அதில் விழுந்தால், அவர் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போக முடியாது.

'குளிரில் வைக்கக் கூடாது என்று, சுமந்து வருபவருக்கு ஒருநாளும் சொல்லித்தராத தலைமை' என்று எழுதினாள். அதில் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினாள்.

மேலே கொண்டுபோகப் பெட்டி அண்ணன்தான் வந்தார். உறையை வாங்கியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பேரு இருக்கும்ல. பரவால்லம்மா."

"சீக்கிரம் குடுத்துட்டு வாங்கண்ணே. டீ ஆறிடும்."

அவர் படியேறும் சத்தம் தேய்ந்து நின்றது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே கூடத்தில் ஒரு தட்டு நிறைய ரத்தக் குழாய்கள் விழுந்து நொறுங்கின. "என் கைதான் வழுக்கிடுச்சு" என்று பெட்டி அண்ணன் விசாரணையில் சொன்னார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அப்புறம் வரவேயில்லை.

தட்டு விழுந்தபோது அவர் கதவுக்கு வெளியே இருந்தார். உள்ளே இருந்தது, வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளே ஆகியிருந்த அவள் மட்டும்தான்.