அம்மா குரலில் பாடம்

பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வந்த பூங்கொடி செருப்பைக் கழற்றுவதற்குள் புருஷன் சின்னராசு ஆரம்பித்துவிட்டான்.

"அந்தச் சுவத்து டீச்சரைத் திருப்பிக் குடுத்துட்டு, புள்ளைய கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தீரலாம். பஸ் ஓசி, மத்தியானம் முட்டையோட சோறு. நீயும் நேரத்துல வீட்டுக்கு வரலாம்."

"ஏனுங்க, இந்தத் தெருவுல எந்தப் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது? நம்ம மகிழினி மட்டும் முட்டைக்குத் தட்டேந்தோணுமா?"

"அப்ப அந்த டீச்சருக்கு மாச வாடகை? என்ர ஆட்டோ காசு அரிசிக்கே பத்தல."

"அதுக்குத்தான நான் நாயா ஒழைக்கறேன்!"

உள்ளே சுவரில் மாட்டியிருந்த டீச்சர் மெஷின் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது, பூங்கொடியின் குரலில். அம்மா குரலில் வைத்தால் பிள்ளை கவனிக்கும் என்று சொல்லி, அந்த மெஷினை மாட்ட வந்தவன் அவளை அரை நாள் பேசவைத்துப் பதிந்துகொண்டு போயிருந்தான். அந்தக் குரலுக்கு அலுப்பே கிடையாது. யார்மீதும் எரிந்து விழாது. நடுநடுவே சாப்பிட்டாயா என்றுகூட அதுவே கேட்டுக்கொள்ளும்.

சண்டையை அப்படியே விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். மகிழினி நோட்டில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வடித்து வைத்த சோறு தட்டில் காய்ந்து கிடந்தது.

"கண்ணு, சாப்பிடலியா?"

பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

"சும்மா அதையே கேக்காத. அடுத்த கணக்கச் சொல்லு."

பூங்கொடி வாயைத் திறப்பதற்குள், அவள் குரலிலேயே சுவர் அடுத்த கணக்கைச் சொன்னது.