மாங்குயிலின் கடைசி அடி

மைனாவுக்கு மாங்குயிலின் பாட்டென்றால் உயிர். குஞ்சுகளுக்காகத் தான் உருவாக்கிய கண்ணாமூச்சி விளையாட்டில், ஒளிந்தவர்களைக் கூப்பிட அந்த மெட்டுதான் வேண்டுமென்று ஏங்கியது. மாங்குயிலோ வலசை போயிருந்தது.

"உங்களுக்குத்தான் அப்படியே பாட வருமே அக்கா! யாருக்குத் தெரியப்போகிறது?" என்று அணில் நச்சரித்தது.

"அவளைக் கேட்காமல் எப்படி?" என்ற மைனா, கோடை முழுக்க வானத்தையே பார்த்துக் கிடந்தது.

முதல் மழையோடு மாங்குயில் வந்தது. மைனா தயங்கித் தயங்கிக் கேட்டது.

"எத்தனையோ பேர் என்னைக் கேட்காமலே பாடுகிறார்கள். நீதான் கேட்டிருக்கிறாய், பாடிக்கொள்," என்றது மாங்குயில். "கடைசி அடியை மட்டும் விட்டுவிடு. புயலில் தொலைந்த என் குஞ்சைக் கூப்பிடக் கட்டியது அது."

மறுநாள் மைனா பாடி, கடைசி அடிக்கு முன் நிறுத்தியது. ஒளிந்திருந்த குஞ்சுகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தன. உச்சிக்கிளையில் மாங்குயில் மீதியைப் பாடிவிட்டுக் காத்திருந்தது.